என்னிடம் இல்லாத என் வார்த்தைகள்

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்யாமல் முடியாது என்று தெரிந்த மாதம், யார் ஒன்றைக் கொடுப்பது என்று பேச அண்ணன் வீட்டில் கூடினோம். பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தென்னந்தோப்புகள்தான். நானும் என் கணவரும் நடந்தே போனோம். அண்ணன் மனைவியை நான் நங்கை என்று கூப்பிடுவேன். நங்கைக்குச் சர்க்கரை நோய், அவர் கொடுக்க முடியாது. அவர்கள் மகள் கோயமுத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மீதி இருந்தது நான்.

எங்கள் தாய்மாமாதான் பேசினார்.

"அம்மிணிக்கு என்னுங்க, ஊட்டுல உக்காந்துதான வேலை. ஒரு மாசம் படுத்துக் கெடந்தாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது."

எல்லோரும் தலையசைத்தார்கள். நங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்பதில் பேச்சு இருந்தது. நான் கொடுப்பது முடிவாகியிருந்தது.

கோயமுத்தூரில் பரிசோதனைகள் மூன்று வாரம் நடந்தன. ரத்த வகை பொருந்தியது. மற்றவையும் பொருந்தின. கடைசி நாள் ஒரு பெண் மருத்துவர் என்னோடு வந்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீங்க கொடுக்கறதுல உங்களுக்கு மனசாரச் சம்மதமா?" என்று கேட்டார்.

"பயமா இருக்குதுங்க."

"பயம் எல்லாருக்கும் இருக்கும்மா. நான் கேக்கறது சம்மதமா, இல்லையான்னு."

அதுவரைக்கும் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டதும் பதில் தயாராக இருந்ததுதான் எனக்கே ஆச்சரியம்.

"இல்லீங்க."

அவர் முகம் மாறவில்லை. "சரி. நீங்க பொருத்தமான ஆள் இல்லைன்னு மட்டும் சொல்லுவோம். என்ன காரணம்னு யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம். நீங்களும் சொல்ல வேண்டியதில்லை," என்றார்.

வெளியே வந்ததும் நங்கை மருத்துவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். "உடு அம்மிணி. உன்ற மேல என்ன தப்பு," என்றார். வீடு வரும்வரை நான் காரில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். கொடுக்க ஆசைப்பட்டும் கொடுக்க முடியாமல் போனவள் என்று நினைத்துத் தேற்றினார்கள்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது என்று இருந்தது. கணவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அண்ணனோடு பிறந்தவர் மாதிரிப் பழகுகிறவர், சொன்னால் முகத்தில் காட்டிவிடுவார். ஆகவே தோழியிடம் சொன்னேன்.

அவள் மூணாறு மலையில் சித்திரபுரத்துக்காரி. அப்பா பள்ளிவாசல் மின்நிலையத்தில் வேலை பார்த்தார், குடியிருப்பிலேயே வளர்ந்தவள். பாலக்காட்டில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறையில் இருந்தாள். விடுமுறைக்கு மலைக்குப் போகாமல் என்னோடு பெருமாட்டிக்கு வந்துவிடுவாள். அண்ணன் அவளை மலைக்காரப் புள்ள என்பார். அவளுக்கென்று இளநீர் வெட்டி வைப்பார். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் சித்திரபுரத்திலேயே இருந்தாள்.

நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தோம். மருந்துச் சோதனைகளில் சேருகிறவர்கள் படித்துக் கையெழுத்திடும் சம்மதப் படிவங்கள், நோயாளிகள் சொல்லும் விவரங்கள், இப்படி. நான் தமிழ், அவள் மலையாளம். நோயாளிகளின் விஷயம் என்பதால் சாதாரண மின்னஞ்சலில் அனுப்பக் கூடாது, பூட்டிய மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும் என்று நிறுவனம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. எனக்கென்று ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதைப் போட்டு அவர்கள் எனக்கு எழுதுவார்கள். திறக்கும் சாவி என் மடிக்கணினியில் மட்டும் இருக்கும். அந்தச் சாவிக்கும் ஒரு நீளமான கடவுச்சொல். அது இல்லாமல் அஞ்சலைத் திறந்தால் வெறும் எழுத்துக் குப்பைதான் தெரியும். நிறுவனம் அனுப்பிய குறிப்பில், சாவியை இன்னோர் இடத்திலும் நகல் எடுத்து வைக்கவும் என்று ஒரு வரி இருந்தது. நான் எடுத்து வைக்கவில்லை.

கற்றுக்கொண்ட பிறகு எங்கள் சொந்தப் பேச்சையும் அதில்தான் எழுதினோம். அவள் மாமியாரைப் பற்றி எழுதுவாள். நான் இங்கே நடப்பதை எழுதுவேன். வேறு யாரும் படிக்க முடியாது என்பதால் கடிதங்கள் நீண்டுகொண்டே போயின.

மருத்துவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்த மறுநாள் அவளுக்கு மிகப் பெரிய கடிதம் ஒன்று எழுதினேன். ஏன் சொன்னேன், அப்போது என்ன நினைத்தேன், எல்லாம். மாலையில் அவள் பதில் வந்தது. நீ செய்ததில் தப்பே இல்லை, உன் உடம்பு உன்னுடையது, யாருக்கும் நீ விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டுத்தான் அன்று சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் மகள் தேர்வு நுழைவுச்சீட்டை அச்செடுக்க என் வீட்டுக்கு வந்தாள். என் மடிக்கணினியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

"அத்தை, என்ன முடிவுங்க?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"என்ன கண்ணு?"

"உங்க ஃப்ரெண்டு எழுதியிருக்காங்க. நீ எடுத்த முடிவு சரிதான்னு."

பூட்டு கடிதத்துக்குள் இருப்பதை மட்டும்தான் மூடும். யார் யாருக்கு எழுதினார், எப்போது எழுதினார், மேலே என்ன தலைப்பு வைத்தார் என்பதெல்லாம் வெட்ட வெளியில் இருக்கும். எனக்கு அது தெரியும். நான் எப்போதும் தலைப்பில் வணக்கம் என்றுதான் போடுவேன். தோழி யோசிக்காமல் மனதில் இருந்ததைத் தலைப்பாக எழுதிவிட்டாள்.

"அந்தக் கம்பெனி வேலைய உட்டர்லாம்னு இருந்தேன் கண்ணு. அதைச் சொல்றா," என்றேன். அவள் அச்செடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அடுப்பை அணைத்தேன்.

தோழியைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஏட்டி, இதுக்குத்தான் நான் முந்தியே சொன்னேன். இந்த மெயில் நமக்கு லாயக்கில்ல. ஒவ்வொரு தடவையும் அந்த நீளப் பாஸ்வேர்ட அடிச்சே கை நோவுது. ஆப்புக்கு வா. அதுல தலைப்பே கெடையாது. ஒரு வாரத்துல எல்லாம் தானா அழிஞ்சுரும். உன் போன்லயும் இருக்காது, என் போன்லயும் இருக்காது."

அவள் சொன்ன செயலியை அன்றே இறக்கினேன். என் தொலைபேசி எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். அடுத்த நிமிடமே அண்ணன் மகள் அதில் எழுதினாள்: அத்தை, நீங்களும் இதுக்கு வந்துட்டீங்களா? என் எண்ணை வைத்திருப்பவர்களில் அந்தச் செயலியில் இருப்பவர்களுக்கெல்லாம் நான் வந்த செய்தி போயிருக்கிறது. மின்னஞ்சல் பேச்சை மறைத்துத் தலைப்பைக் காட்டியது. இது பேச்சை முழுக்க மறைத்து, நான் மறைவாகப் பேச வந்திருப்பதைக் காட்டியது. எது மேல் என்று யோசித்தேன். உள்ளே இருப்பது தெரியாதவரை போதும் என்று முடிவு செய்தேன். தோழி அழியும் கெடுவை ஒரு வாரம் என்று வைத்தாள். நானும் சரியென்றேன்.

பேசும் விதமே மாறிவிட்டது. கடிதத்தில் ஒரு விஷயத்தை முன்னும் பின்னும் யோசித்துப் பத்திப் பத்தியாக எழுதுவேன். இதில் தோன்றியதை ஒரு வரி, அடுத்து ஒரு வரி. பேருந்தில் வரும்போது, துணி காயப்போடும்போது. எப்படியும் அழிந்துவிடப் போகிறது என்பதால் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்லை. முதல் வாரத்திலேயே ஆஸ்பத்திரி நாளை மறுபடி சொன்னேன். அண்ணன் தலையில் கை வைத்ததைச் சொன்னேன். அவளும் ஆறுதலாகப் பேசினாள். எட்டாவது நாள் பார்த்தால் அந்தப் பக்கமே வெள்ளையாக இருந்தது. மனசு லேசாக இருந்தது உண்மை.

அதோடு அந்தப் பழைய மடிக்கணினியும் போனது. ஐப்பசி மழையில் இடி இறங்கிய ஒரு நாள் சார்ஜில் சொருகியிருந்தது, பிறகு எழவே இல்லை. பக்கத்துச் சித்தூரில் பழுது பார்ப்பவர், சாவி இருந்த வன்தட்டு போய்விட்டது என்று கையை விரித்தார். நிறுவனமும் அதற்குள் எல்லாவற்றையும் தன் இணையதளத்திலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. புதிய கணினியில் பழைய அஞ்சல்களைப் பார்த்தேன். தலைப்பும் தேதியும் வரிசையாக இருந்தன. உள்ளே ஒன்றும் புரியாத எழுத்துகள். நான் எழுதியதையே நான் படிக்க முடியாது என்று ஆனது. அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

ஏழெட்டு மாதம் போனது. அண்ணன் மெலிந்துகொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் சொல்லி, இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காகச் சர்க்கார் பட்டியலில் பெயரைப் பதிந்து வைத்தோம். நான் முடிந்தபோதெல்லாம் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனேன்.

தோழி அண்ணனைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்திரபுரத்திலிருந்து வந்தாள். முந்தின நாள் டயாலிசிஸ் முடிந்து அவர் மிகவும் சோர்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "மலைக்காரப் புள்ளைக்கு எளநீ வெட்டுங்கப்பா," என்று மட்டும் சொன்னார். அவரால் அதைக் குடிக்கவும் முடியாது, தண்ணீரே அளந்துதான். அவள் அந்த இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நங்கை அவளை அடுப்படிக்கு அழைத்துப் போய் வெகுநேரம் அழுதுகொண்டிருந்தார். நான் போகவில்லை. எனக்கு அந்த அழுகையின் முன்னால் நிற்கத் தெம்பு கிடையாது. மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் கிளம்பினாள். பேருந்து ஏற்றிவிடப் போனேன். வழியில் அவள் அதிகம் பேசவில்லை. சோகத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். நங்கை என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது நீ எழுதுனதா அம்மிணி?"

திரையில் ஒரு படம். எங்கள் பேச்சை அப்படியே படமாக எடுத்தது. மேலே தோழி என் பெயரைச் சுருக்கி வைத்திருக்கும் செல்லப் பெயர். கீழே என் இரண்டு வரிகள்.

நங்கை அவற்றை எனக்கே சத்தமாகப் படித்துக் காட்டினார். "டாக்டர் என்னையக் காப்பாத்தி உட்டுட்டாங்க. அண்ணன் பாவம், அப்படியே நம்பிட்டாரு." படித்துவிட்டு மறுபடி இரண்டாவது வரியை மட்டும் படித்தார். "பாவம்னு எழுதியிருக்கற பாரு. இவரு பாவம்னு உனக்குத் தெரிஞ்சிருக்குது."

"நங்கை, அதுக்குக் கீழ இன்னும் எழுதியிருந்தனுங்க."

"என்ன எழுதியிருந்தே? காட்டு."

என் தொலைபேசியை எடுத்தேன். எடுக்கும்போதே தெரியும், அதில் ஒன்றும் இல்லை என்று. அந்த இரண்டு வரிக்குக் கீழே வேறு இரண்டு வரி எழுதியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இதோடு என்னால் இருக்க முடியுமா தெரியவில்லை, இரண்டு மாதம் போகட்டும், மறுபடி யோசிக்கிறேன் என்று எழுதினேன். எழுதினேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் காட்ட எதுவும் இல்லை. நான் பேசியதில் உலகத்தில் மிச்சம் இருந்தது நங்கை கையில் இருந்த அந்த இரண்டு வரிதான்.

"அழிஞ்சு போச்சுங்க," என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று உணர்ந்தேன்.

"உனக்கு வேண்டியது மட்டும் அழிஞ்சு போச்சாக்கும்," என்று சொல்லிவிட்டு நங்கை போய்விட்டார்.

என் கணவர் தோப்பிலிருந்து வந்து நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். "எங்கிட்டயுமா சொல்லக்கூடாது?" என்று கேட்டுவிட்டு, கை கழுவப் போனார்.

தோழியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீதான் அனுப்புனியா?"

"ஆமாட்டி. மூணாறு வந்து எறங்கின உடனே அனுப்பிட்டேன். பஸ்ஸுல வரும்போது மனசே சரியில்ல. அண்ணன் அப்படிக் கெடக்காவ. எனக்கு எளநீ வெட்டச் சொல்லுதாவ. உன் நங்கை என் கையப் பிடிச்சுக்கிட்டு, ஒருத்தர்கூட கெடைக்கலியேன்னு அழுதா. கெடைச்ச ஆளு அடுத்த ஊட்டுல இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படிடி சும்மா இருப்பேன்?"

"எங்கிட்டப் பேசியிருக்கலாமே. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடத்தான வந்தேன்."

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"நீதான சொன்ன, எம்மேல தப்பில்லன்னு. யாருக்கும் வெளக்கம் சொல்ல வேண்டாம்னு."

"அப்போ அண்ணனை நான் பாக்கல."

இதுவரைக்கும் ஓரளவு என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அவள் இடத்தில் இருந்து அண்ணனைப் பார்த்திருந்தால் நானும் தடுமாறியிருப்பேன். ஆனால் ஒரு கேள்வி நெஞ்சில் நின்றது. அந்தப் பேச்சு ஒரு வாரத்தில் அழிந்திருக்க வேண்டும். அவள் பெருமாட்டிக்கு வந்ததோ ஏழெட்டு மாதம் கழித்து.

"அந்தப் படத்த எப்ப எடுத்த?"

"நீ எழுதுன அன்னைக்கே," என்றாள்.

"எதுக்கு?"

"தெரியலட்டி. சத்தியமாத் தெரியல. யாருக்கும் காட்டணும்னு எடுக்கல. அழிஞ்சு போயிருமேன்னு எடுத்தேன்."

நான் அழியும் என்று நம்பித்தான் அப்படிப் பேசினேன். அவள் அழியும் என்பதாலேயே எடுத்து வைத்திருக்கிறாள். அந்த ஏழெட்டு மாதமும் என்னோடு பேசிய ஒவ்வொரு நாளும் அது அவள் தொலைபேசியில் இருந்திருக்கிறது. அனுப்பியதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செயலி சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. நடுவில் யாரும் எங்கள் பேச்சைப் படிக்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தவள் அவள், அவ்வளவுதான்.

"அதுக்குக் கீழ ரெண்டு வரி எழுதியிருந்தேன். மறுபடி யோசிக்கறேன்னு. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"என்னமோ எழுதியிருந்த. சரியா ஞாபகம் இல்ல." பிறகு அவசரமாகச் சொன்னாள்: "ஆனா அந்தப் பெரிய லெட்டர் இருக்குல்லா. மெயில்ல எழுதுனியே, அது எங்கிட்ட இருக்கு. என் சாவி இன்னும் இருக்கு. அதுல நீ எல்லாத்தையும் வெளக்கமா எழுதியிருப்ப. நான் தெறந்து அண்ணனுக்கு அனுப்பட்டுமா? அதப் படிச்சா அவருக்குப் புரியும்."

ஒரு கணம் சரி என்று வாய் வரை வந்தது. அந்தக் கடிதம் இருந்தால் என் பக்கம் பேசும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் என் கடிதத்தைத் திறக்கும் வழி என்னிடம் இல்லை, அவளிடம்தான் இருந்தது. அவள் தயவில் என் நியாயத்தை நிறுவ எனக்கு மனம் வரவில்லை.

"யாருக்கும் அனுப்பாத. எனக்கு மட்டும் அனுப்பு," என்று வைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் வந்தது. பூட்டு இல்லாமல், சாதாரண அஞ்சலாக. புதிய கணினியில் திறந்து படித்தேன்.

பயத்தைப் பற்றி அதில் இரண்டு பத்திதான். மீதியெல்லாம் அண்ணனைப் பற்றிய குற்றச்சாட்டு. அவர்தான் என்னைக் கோயமுத்தூரில் ஆசிரியர் பயிற்சிக்குப் போகவிடவில்லை. என் கல்யாணத்தை அவர் இஷ்டத்துக்கு முடித்தார். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது பத்து நாள் கழித்துப் பழத்தோடு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்தார். அவருக்கு என்ன செய்ய நான் கடன்பட்டிருக்கிறேன் என்று முடித்திருந்தேன்.

பழத்தோடு வந்தது பத்தாம் நாள் இல்லை. மூன்றாம் நாள். எனக்கு இப்போது நன்றாக நினைவு வந்தது. முதல் இரண்டு நாளும் என்னைப் பார்க்க யாரையும் விடவில்லை. எழுதும்போது அது பத்தாம் நாளாகிவிட்டது. யாரும் படிக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதிய கடிதம் அது. அதை மட்டும் அவள் அண்ணனுக்கு அனுப்பியிருந்தால், அந்த இரண்டு வரிப் படம் ஒன்றுமே இல்லை என்று ஆகியிருக்கும். கடிதத்தை அழித்தேன். அவளிடம் ஒரு பிரதி இருக்கிறது. இன்றும் இருக்கலாம்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் நிழலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். தாகத்துக்கு ஒரு சின்னப் பனிக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நங்கை என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய்விட்டார்.

"அண்ணா, நங்கை காட்டுன படத்துல இருக்கறது நான் எழுதுனதுதானுங்க."

"தெரியும் அம்மிணி. படிச்சா நீ பேசற மாதிரியேதான இருக்குது."

"டாக்டர்கிட்ட வேண்டாம்னு நாந்தானுங்க சொன்னேன். நெம்பப் பயமா இருந்துச்சுங்க. அப்புறம், எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலீங்க. அவங்கதான் மொதல்ல கேட்டாங்க."

அண்ணன் பனிக்கட்டியைக் கன்னத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

"நானும் கேக்கல," என்றார்.

"நீங்களும் கேக்கலீங்க."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"தெரியலீங்கண்ணா."

அதுதான் உண்மை. பொய் சொல்லியிருக்கலாம், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று. சொல்லவில்லை.

"நீ வேண்டாம்னதுல எனக்கு வருத்தமில்ல அம்மிணி," என்றார். "ஆசுபத்திரியில உன்ற தலையத் தொட்டு, உன்ற மேல தப்பில்லைன்னு சொன்னேன் பாரு. அன்னைக்கு ஊடு வர்ற வரைக்கும் உன்னைய எப்படித் தேத்தறதுன்னே ரோசனை பண்ணீட்டு வந்தேன். அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். மலைக்காரப் புள்ளைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சு."

அன்று காலைவரை என் மனதில் ஏமாற்றப்பட்டவள் நான் ஒருத்திதான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பிறகு கேட்டேன்.

"இப்பக் குடுக்கட்டுங்களா அண்ணா?"

"வேண்டாம்."

"மனசாரத்தான் கேக்கறேனுங்க."

"இருக்கலாம். ஆனா இனி நீ குடுத்தா, நீ குடுத்ததா இருக்காது. ஊரு புடுங்கிக் குடுத்ததா இருக்கும். எனக்கு அது வேண்டாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. தாய்மாமா என் வீட்டு வழியாக வருவதை நிறுத்தினார். ரேஷன் கடையில் நான் போய் நின்றால் பேச்சு நிற்கும். ஒரே ஒருத்தி, தம்பிக்குக் கொடுத்துவிட்டு இன்றுவரை முதுகுவலியோடு இருக்கும் ஒருத்தி, பால் சொசைட்டியில் என் பக்கத்தில் வந்து நின்று, "நீ செரியாத்தான் செஞ்சே" என்று சொல்லிவிட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அண்ணன் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறார். ஒரு தடவை அழைப்பு வந்தது, பொருந்தவில்லை. இப்போதும் நான்தான் பல நாள் டயாலிசிஸுக்கு அவரைச் சித்தூருக்குக் கூட்டிப் போகிறேன். வண்டியில் தேங்காய் விலை பேசுவோம், மகளுக்கு வந்திருக்கும் வேலையைப் பற்றிப் பேசுவோம். நங்கை எனக்குக் காப்பி வைத்துத் தருவார், மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். என் கணவர் ஆறேழு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டார். ஆனால் நான் தொலைபேசியில் எதையாவது தட்டிக்கொண்டிருந்தால் அவர் கண் ஒரு முறை அங்கே போய்விட்டுத்தான் வருகிறது.

தோழி பல தடவை கூப்பிட்டாள். செயலியிலும் எழுதினாள். திறக்காமல் விட்டேன். ஒரு வாரம் ஆனதும் அவை தாமாகவே போயிருக்கும். என்ன எழுதினாள் என்று தெரியாது.

போன மாதம் அடிமாலியில் ஒரு கல்யாணம். உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போய், அங்கிருந்து கீழே இறங்கினோம். பள்ளிவாசல் தாண்டும்போது நல்ல பனி. சித்திரபுரத்துக்குப் பிரியும் இடத்தில் என் கணவர் வண்டியை மெதுவாக்கினார்.

"போலாமா?" என்றார். "அஞ்சு நிமிசந்தான்."

"வேண்டாமுங்க."

"இன்னும் கோவமா?"

"கோவமில்லீங்க. பேசறதுக்கு ஒண்ணுமில்ல."

அவர் வண்டியை நேராக விட்டார். நான் சொன்னது உண்மையில்லை. அண்ணன் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பால் சொசைட்டியில் அந்தப் பெண் சொன்னதையும், மூன்றாம் நாள் பத்தாம் நாளானதையும் சொன்னதில்லை. இதையெல்லாம் சொல்ல எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆள்தான்.